வறண்ட மாதங்களில் நீலகிரி: அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று படமெடுப்போருக்கான கேள்வி பதில்கள்

நீலகிரியின் மேல்மலைகளிலும், அவற்றின் வடக்குச் சரிவுக்குக் கீழே பரந்து கிடக்கும் முதுமலை, சீகூர்க் காடுகளின் ஓரங்களிலும் சில குறிப்பிட்ட இடங்களை வறண்ட மாதங்களில் திரும்பத் திரும்பச் சென்று படமெடுத்து வருகிறேன். 2017 மார்ச்சில் தொடங்கிய வேலை இது. படங்களைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும், தொடக்கத்தில் எனக்கே விடை தெரியாமல் இருந்த சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீலகிரியில் வறண்ட காலம் எது?

மலை முழுவதற்கும் ஒரே விடை இல்லை. பொதுவாக ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வறண்ட காலம் என்று கொள்ளலாம். ஏப்ரலில் கோடை மழை தொடங்கிவிட்டால் ஒரே வாரத்தில் நிலத்தின் நிறம் மாறிவிடும்.

ஆனால் மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து கிழக்கே நகர நகர மழை குறைந்துகொண்டே வரும். மசினகுடியையும் சீகூரையும் தாண்டும்போது முட்காடு தொடங்கிவிடும். ஜூலை மாதத்தில் கூடலூரில் குடையில்லாமல் நடக்க முடியாதபோது, மழை மறைவில் இருக்கும் சீகூர்ப் பக்கம் புழுதி பறந்துகொண்டிருக்கும். எனவே உங்கள் பழைய படம் எந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிழக்குப் பகுதியில் ஜூலையில் எடுத்த காய்ந்த நிலத்தின் படத்துக்குக் கீழே "பருவமழை பொய்த்தது" என்று எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை.

மழைக்குப் பிந்தைய பசுமைதானே அழகு? ஏன் காய்ந்த மாதங்களில் போக வேண்டும்?

பசுமை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நவம்பரில் சீகூர்ச் சமவெளியைப் பார்த்தால் ஒரே பச்சைப் பாய்போலத் தெரியும்; எது மரம், எது புதர், எது புல் என்று தொலைவிலிருந்து பிரித்தறிய இயலாது. மார்ச்சில் அதே இடத்தில் நிலத்தின் எலும்பு தெரியும். ஓடைகளின் தடம், பாறைகளின் சரிவு, யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து பதித்த தடங்கள், ஆற்றோரத்தில் மட்டும் பச்சைக் கோடாக நீளும் நீர்மருது மரங்கள் ஆகியவை தெளிவாகப் பிரிந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளின் படங்களை அருகருகே வைத்து ஒப்பிட இந்தத் தெளிவு வேண்டும்.

வறண்ட மாதங்களுக்கென்று தனி அழகும் உண்டு. இலையுதிர்த்த காட்டில் புரசு மரம் செந்தழலாகப் பூத்து நிற்பதும், முள்ளிலவின் பெரிய சிவப்புப் பூக்களுக்குப் பறவைகள் கூட்டமாக வருவதும் இந்த மாதங்களில்தான். மேல்மலைச் சோலைக்காடுகளின் ஓரத்தில் காட்டுப்பூவரசு செக்கச் செவேலெனப் பூப்பதும் பனிக்காலத்தில் தொடங்கி மார்ச் வரை நீளும்.

ஒரு முறை எடுத்த படம் போதாதா? ஏன் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும்?

ஒரே ஒரு படத்தை வைத்து வறட்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. விரிசல் விட்ட குளத்துப் படுகை ஒவ்வொரு மார்ச்சிலும் விரிசல் விடுவதாக இருக்கலாம். நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக விரிசல் விட்டதாகவும் இருக்கலாம். படம் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் காட்டக்கூடியது, அதே இடத்தில் அதே மாதத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படம்தான்.

எடுத்துக்காட்டாக, 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்த மார்ச்சில் நான் எடுத்த படங்களைக் காடு எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தே எடுத்தேன். இரண்டாண்டு கழித்து அதே இடங்களுக்குப் போனபோதுதான், முதல் படங்கள் எவ்வளவு கடுமையான ஓர் ஆண்டைப் பதிந்திருந்தன என்பது எனக்குப் புரிந்தது. ஆற்றோர மரங்களில் பாதி அந்த ஆண்டு இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இந்த முறை புதியதும் அன்று. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880-களின் இறுதியிலேயே குறிப்பிட்ட நிலைகளிலிருந்து படமெடுத்து அளக்கத் தொடங்கினார். நம் முதுமலையிலேயே இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டைத் தேர்ந்தெடுத்து, 1 செ.மீ-க்கு மேல் பருத்த ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்து, எது பிழைத்தது, எது மடிந்தது, எங்கே தீ பரவியது என்று தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவர்கள் இந்தப் பொறுமையில் ஒரு சிறு பங்கைக் கற்றுக்கொண்டாலே பெரிது.

இலையே இல்லாத காடு செத்துப்போன காடா?

இல்லை. நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

மசினகுடிப் பக்கம் சாலையோரச் சோதனைச்சாவடி அருகே, ஓர் இலைகூட இல்லாமல் சாம்பல் நிறத்தில் நின்ற வெக்காலி மரம் ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே காவலில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர் இனத்தைச் சேர்ந்த பெரியவர், எதை எடுக்கிறேன் என்று கேட்டார். "மரமெல்லாம் பட்டுப்போச்சே அண்ணா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மரத்தருகே போய், கையெட்டும் ஒரு சிறு கிளையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். சாம்பல் தோலுக்கு அடியில், நெல் முளையின் நிறத்தில், ஈரமான பச்சை தெரிந்தது. "சாகலை சார். தண்ணியை மிச்சம் பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

தேக்கு, வெக்காலி, கருமருது போன்ற மரங்கள் நீர் குறையும்போது இலைகளை உதிர்ப்பது உயிர் தப்பும் வழி. இலை வழியாக நீர் ஆவியாவதைத் தடுத்துக்கொள்கின்றன. எனவே இலையுதிர்ந்த காட்டின் படத்தின் கீழ் "அழிந்த காடு" என்று எழுதுவது உண்மையாகாது. உண்மையிலேயே பட்டுப்போன மரத்தை அடையாளம் காண வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு ஒருமுறை வாருங்கள். சுற்றியுள்ளவை துளிர்த்த பிறகும் மொட்டையாக நிற்கும் மரங்களே மடிந்தவை. அப்போது எடுக்கும் படத்தைக் கோடைப் படத்தோடு சேர்த்து வைத்தால்தான் வறட்சி உண்மையில் எத்தனை மரங்களைக் கொண்டுபோனது என்பது தெரியும். காவலர் செய்தார் என்று நாமும் காட்டுக்குள் போய் மரத்தைச் சுரண்ட வேண்டாம்.

ஊட்டிக்கு மேலே புல்வெளிகள் ஜனவரியிலேயே பழுப்பாகிவிட்டனவே, அது வறட்சியா?

பெரும்பாலும் அது உறைபனியின் வேலை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தெளிந்த வானம் உள்ள இரவுகளில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி, புல்லின் மேல் பனி உறைந்துவிடும். விடிந்ததும் வெயில் பட்டுப் புல் கருகிப் பழுப்பாகும். ஊட்டியில் தேயிலைத் தோட்டக்காரர்களும் காய்கறி விவசாயிகளும் செடிகளை மூடி வைத்துப் பாதுகாப்பது இதற்காகத்தான்.

உறைபனி பள்ளங்களில்தான் அதிகம் படியும். எனவே பள்ளம் பழுப்பாகவும் அதற்கு மேலுள்ள சரிவு பச்சையாகவும் இருந்தால் அது பனிக்கருகல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மார்ச் மாதத்தில் சரிவும் முகடும் சேர்ந்து வெளுத்துப்போயிருந்தால் நீர்க்குறைவை நினைக்க வேண்டும்.

அணைகளில் நீர் வற்றியிருப்பதைப் படமெடுத்தால் வறட்சிக்குச் சான்றாகுமா?

தனியாக ஆகாது. பைக்காரா, முக்குருத்தி, அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு போன்ற மேல்மலை நீர்த்தேக்கங்கள் மின்உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லிருந்து இயங்குகிறது. மின்தேவை கூடும் மாதங்களில் நீரைத் திறந்துவிடுவதால் மட்டமும் இறங்கும். கரையில் செம்மண் வளையங்கள் தெரிவது மழை குறைந்ததாலா, நீரைப் பயன்படுத்தியதாலா என்பதைப் படம் சொல்லாது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைக் கண்ட இடத்திலும் சில கோடைகளில் கரை வெகுதூரம் விலகிக் கிடக்கும்.

மலையடிவாரத்தில் மாயாறும் பவானியும் வந்து சேரும் பவானிசாகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்குள் மூழ்கிய டணாயக்கன்கோட்டையின் பழைய கோயில், நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் வெளியே தெரியும். கோயில் தெரிந்த ஆண்டுகளையும் தெரியாத ஆண்டுகளையும் ஒரே கரையிலிருந்து எடுத்து அடுக்கினால் அருமையான வரிசை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் அன்றைய நீர்மட்டத்தை எழுதி வையுங்கள். நாளிதழ்களில் நாள்தோறும் வெளியாகும் எண்தான் அது.

படமெடுக்கக் காட்டுக்குள் நடந்து போகலாமா?

அனுமதியின்றிப் போகக் கூடாது. வறண்ட மாதங்களில் அனுமதி கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதே நல்லது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் காற்றோடு மேல்நோக்கி ஏறும் தீயை மனிதனால் ஓடிக் கடக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதிக்கப்பட்ட பாதைகளும் தீக்காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூடப்படுகின்றன.

முக்குருத்தி தேசியப் பூங்கா வரையாடுகளின் இல்லம். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்த இடம் அன்று. குட்டி ஈனும் காலமும் இந்த மாதங்களோடு சேர்ந்தே வருகிறது. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வண்டியில் போகலாம், ஆனால் கடும் வறட்சி ஆண்டுகளில் அதையும் நிறுத்திவிடுவார்கள். ட்ரோன் பறக்கவிடுவதை நினைக்கவே வேண்டாம்.

அப்படியானால் எங்கே நின்று எடுப்பது?

பொதுச் சாலைகளும் காட்சிமுனைகளும் போதும். என் வரிசைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட இடங்களிலிருந்து எடுத்தவையே. கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். பழுப்புக் காட்டின் நடுவே தெங்குமரஹடா வயல்கள் மட்டும் ஒரு பச்சைத் துண்டாகத் தெரியும். அந்தப் பச்சைத் துண்டின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே ஒரு தனிக் கதை. கூடலூருக்கு மேலே ஊசிமலைக் காட்சிமுனையிலிருந்து முதுமலையின் மேற்குப் பகுதியைப் பார்க்கலாம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைல் புல்வெளியும், பைக்காராவின் கரையும் மேல்மலைக்கு ஏற்ற இடங்கள்.

கல்லட்டிச் சாலையிலிருந்து சீகூர்ச் சமவெளி மிக நன்றாகத் தெரியும். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன, போகும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தெப்பக்காடு – மசினகுடி சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது சட்டப்படி தவறு. அங்கே உங்களுக்குப் பழைய படம் இருந்தால் அந்த வரிசையை விட்டுவிடுவதே முறை. நான் அப்படி இரண்டு இடங்களை விட்டிருக்கிறேன்.

பழைய படத்தை எடுத்த அதே புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2017-இல் நான் எடுத்த படங்களில் நின்ற இடத்தைக் குறித்து வைக்கவில்லை. செல்பேசியின் இருப்பிடக் குறிப்பு சுமாராக உதவியது, ஆனால் மலையில் அது பல மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். கோடநாட்டில் ஒரே ஒரு படத்தின் நிலையைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அப்போது கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

பழைய படத்தின் அச்சுப் பிரதியையோ செல்பேசிப் பிரதியையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அருகிலுள்ள பாறை ஒன்றையும் அதற்குப் பின்னால் தொலைவிலுள்ள மலைமுகடு ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். மரம் வேண்டாம்; மரம் வளரும், விழும். பாறையின் விளிம்பு முகட்டின் எந்த மடிப்புக்கு நேராக நிற்கிறது என்று பாருங்கள். இப்போது உங்கள் கண்முன் பாறை பழைய படத்தில் இருப்பதைவிட வலப்புறம் தள்ளித் தெரிந்தால் நீங்களும் வலப்புறம் நகர வேண்டும். இடப்புறம் தெரிந்தால் இடப்புறம். பாறை முகட்டை அதிகமாக மறைத்தால் நீங்கள் தாழ்வாக நிற்கிறீர்கள் என்று பொருள். பக்கவாட்டுக்கு ஒரு சோடி, உயரத்துக்கு ஒரு சோடி என்று இரண்டு சோடிகளைப் பொருத்திவிட்டால் ஒரு முழத்துக்குள் அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது, லென்சைப் பொறுத்தது அன்று. லென்ஸ் மாறியிருந்தால் படத்தை வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இடம் மாறியிருந்தால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. அதனால் இடத்துக்கே முதல் கவனம்.

என்னிடம் பழைய படமே இல்லை. என்ன செய்வது?

இந்த ஆண்டு எடுப்பது பழைய படமாகிவிடும். இன்றே முறையாகத் தொடங்குங்கள். வீட்டு ஆல்பங்களையும் பாருங்கள். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஊட்டிக்குத் தேனிலவு வந்த பெற்றோர் தொட்டபெட்டாவில் நின்று எடுத்துக்கொண்ட படத்தின் பின்னணியில் ஒரு மலைச்சரிவு முழுமையாகப் பதிந்திருக்கும்.

இன்னும் பழையவை வேண்டுமென்றால், ஆங்கிலேயப் படக்கலைஞர் சாமுவேல் போர்ன் 1860-களில் ஊட்டியில் எடுத்த படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற தொகுப்புகளில் உள்ளன. இன்று கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) அடர்ந்த சரிவுகள் பல அன்று வெறும் புல்வெளியாக, மடிப்புகளில் மட்டும் சோலை ஒதுங்கியிருப்பதாகக் காட்சியளிப்பதை அவற்றில் பார்க்கலாம். நகரத்தைச் சுற்றியுள்ள அந்த இடங்களுக்கு எந்த அனுமதியும் இல்லாமல் நடந்தே போகலாம் என்பது இன்னொரு வசதி.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வேண்டும்? செல்பேசி போதுமா?

போதும். ஆண்டுதோறும் அதே குவியத்தூரத்தைப் பயன்படுத்துவதுதான் முக்கியம். செல்பேசியில் விரல்களால் பெரிதாக்காமல், முதன்மை லென்சிலேயே எடுங்கள். கேமராவில் 35 அல்லது 50 மி.மீ நிலையான லென்ஸ் இருந்தால் வசதி. முக்காலி கட்டாயம், அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதப் புழுதியில் திறந்த வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள், வண்டிக்குள் மாற்றுங்கள்.

எந்த நேரத்தில் எடுப்பது? புகைமூட்டமாகவே இருக்கிறதே.

பழைய படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அதே மாதத்தில் அதே நேரத்தில் எடுங்கள். மாதம் தள்ளிப்போனால் நேரம் ஒன்றாக இருந்தாலும் ஒளி ஒன்றாகாது. நீலகிரி ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது பள்ளமும் மேடும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். பிப்ரவரியின் சாய்ந்த ஒளியில் தெரிந்த ஓடைத்தடம் அதில் காணாமல்போகும். அது வறட்சியின் மாற்றமன்று, ஒளியின் மாற்றம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சூடான தரையிலிருந்து கானல் எழும்பி, தொலைநோக்கு லென்சில் எல்லாமே நெளியும். கூடலூர் – மைசூர் சாலையில் காட்டுப் பகுதியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தூசியும் தீப்புகையும் மூடியிருக்கும் நாளில் எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் எடுங்கள், ஆனால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். புகை அந்த ஆண்டின் ஒரு செய்தியே.

நீர்நிலைகளில் விலங்குகள் கூடும் காலம் அல்லவா? நல்ல படங்கள் கிடைக்குமே?

கிடைக்கும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட அழுத்தமாகப் பதில் சொல்கிறேன். வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். மாயாற்றை நோக்கி வரும் கூட்டம் பல மைல் நடந்து வந்திருக்கும். குட்டிகளும் உடன் இருக்கும். கரையில் நாம் நிற்பதைப் பார்த்துக் கூட்டம் தயங்கித் திரும்பினால், அந்த நாளின் நீரை நாம் பறித்துவிட்டோம். காட்டெருமையும் புள்ளிமானும் இப்படியே தயங்கி நின்று, தாகத்தோடு திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தப் படத்துக்காகவும் அந்த நிலையை உண்டாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வனத்துறை நீர் நிரப்பும் தொட்டிகளுக்கு அருகே ஒருபோதும் போகாதீர்கள். மாயாற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதும் இந்த மாதங்களில்தான். தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. கூட்டைப் படமெடுக்கவோ, தற்செயலாகப் படத்தில் விழுந்துவிட்டால் இருப்பிடத்தோடு வெளியிடவோ வேண்டாம். வெளியிடும் முன் கோப்பிலிருந்து இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள், உங்கள் சொந்தப் பதிவில் மட்டும் வைத்திருங்கள்.

தீ எரிந்த இடங்களைப் படமெடுக்கலாமா?

தீ அணைந்து, வனத்துறை அந்தப் பக்கம் போக்குவரத்தைத் திறந்த பிறகு, சாலையிலிருந்தோ காட்சிமுனையிலிருந்தோ எடுக்கலாம். தீ எரியும்போது அதை எடுக்க முந்துவது தீயணைக்கப் போகிறவர்களின் வழியை மறிப்பதாகும். பச்சைத் தழைகளை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் ஊர்ந்து வரும் நெருப்பை அடித்து அணைக்கும் பழங்குடித் தீக்காவலர்களை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள்.

இந்தக் காடுகளில் வறண்ட மாதத் தீ பெரும்பாலும் மனிதர்களால் மூட்டப்படுவது. காய்ந்த இலைப்படுகையில் தாழ்வாகவே பரவும். பருத்த மரங்கள் தப்பிவிடும், சிறு கன்றுகள் கருகும். ஆனால் உண்ணிச்செடி (லண்டானா) புதராக மண்டிய இடத்தில் தீ அதன்மேல் ஏறி மரக்கிளைகளைத் தொட்டுவிடும். எனவே தீத்தடத்தைக் குறைந்தது மூன்று முறை எடுங்கள்: எரிந்த சில நாள்களில் ஒருமுறை, முதல் கோடை மழைக்குப் பிறகு ஒருமுறை, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ஒருமுறை. கரிக்கட்டையாகக் கிடந்த தரையில் பத்தே நாளில் புல் ஊசிபோல முளைத்து வருவது பலருக்கும் வியப்பாக இருக்கும். அடுத்த ஆண்டுப் படத்தில்தான், திரும்பி வந்தது புல்லா, மரக்கன்றா, மறுபடியும் உண்ணிச்செடியா என்பது தெரியவரும்.

வறட்சியைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வறட்சி வரும், போகும். 2024 ஏப்ரலில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் எடுத்த படங்களில் காமராஜ் சாகரின் படுகை வெடித்துக் கிடக்கிறது. மழைக்குப் பிறகு அதே படுகை நிரம்பியது. திரும்பாத மாற்றங்கள் வேறு. சீகூர்ப் பக்கத்தில் உண்ணிச்செடி புல்வெளியை விழுங்குவதும், மேல்மலையில் சீகை மரம் சோலைக்கும் புல்லுக்கும் இடையிலான பழைய எல்லையை ஆண்டுக்குச் சில அடிகளாகத் தின்றுகொண்டே வருவதும் ஒரு கோடையில் கண்ணுக்குத் தெரியாது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த சரிவுகளில் இன்று விதைப்பவர் யாருமின்றிச் சீகைக் கன்றுகள் நிற்கின்றன. வறண்ட மாதத்தில் புல் பழுப்பாகவும் சீகை கரும்பச்சையாகவும் இருப்பதால் இரண்டுக்கும் இடையிலான கோடு கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். இந்த எல்லையைப் பதிவதற்கு மார்ச்சைவிடச் சிறந்த மாதம் இல்லை என்பது என் கருத்து.

படங்களை எவ்வளவு திருத்தலாம்?

ஒப்பிடுவதற்கான படத்தில் நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டவும் கூடாது, புகைமூட்டத்தை நீக்கும் கருவியைத் தொடவும் கூடாது. கேமராவில் ஒயிட் பேலன்சைப் பகல் ஒளிக்கு நிலையாக வைத்து, ரா கோப்பாக (கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, எல்லா ஆண்டுப் படங்களுக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்துங்கள். மஞ்சளைச் சற்றுக் கூட்டினால் எந்தக் காட்டையும் காய்ந்த காடாக்கிவிடலாம். சுவரில் மாட்டுவதற்கு வேண்டுமானால் தனிப் பிரதி எடுத்து விருப்பம்போலத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே உறையில் போடாதீர்கள்.

ஒவ்வொரு படத்தோடும் என்ன எழுதி வைக்க வேண்டும்?

நாள், நேரம், நின்ற இடத்தின் விவரம், முக்காலியின் உயரம், லென்ஸ், பார்த்த திசை. இடத்தை எண்களால் மட்டுமல்லாமல் சொற்களாலும் எழுதுங்கள்: "கம்பித் தடுப்பின் மூன்றாவது தூணுக்கு இடப்புறம், இரண்டு எட்டு பின்னால்" என்பது போல. தூணையே ஒருநாள் மாற்றிவிடுவார்கள், எனவே முக்காலி நின்ற இடத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைசியாக எப்போது மழை பெய்தது என்று அருகிலுள்ள டீக்கடையில் கேட்டு எழுதுங்கள். வானிலை நிலையத்தின் எண்ணைப் பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம். "மாட்டுப்பொங்கலுக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லை" என்ற பதில் அன்றைக்குத்தான் கிடைக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை?

குடிநீரை வீட்டிலிருந்தே எஃகுப் பாட்டிலில் கொண்டுபோங்கள். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உள்ளது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. புறப்படும் முன் பதிந்துகொள்ளுங்கள். தீப்பெட்டி, சிகரெட், சமையல் அடுப்பு எதுவும் பையில் இருக்கக் கூடாது.

எத்தனை ஆண்டுகள் தொடர வேண்டும்?

மூன்று ஆண்டுகளில் நல்ல ஆண்டுக்கும் கெட்ட ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடத் தொடங்கும். சீகையும் உண்ணிச்செடியும் நகர்வதைக் காட்ட ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வேண்டும். எல்லா ஆண்டும் போக முடியாவிட்டாலும் கவலையில்லை. என் வரிசைகளிலும் 2020, 2021 கோடைகள் இல்லை. விட்டுப்போன ஆண்டை விட்டுப்போனதாகவே குறித்து வையுங்கள். உங்களால் இனிப் போக இயலாது என்ற நிலை வந்தால், குறிப்பேட்டையும் கோப்புகளையும் முக்காலி நின்ற இடத்தின் படங்களையும் இந்த வேலையில் ஆர்வமுள்ள இளையவர் ஒருவரிடம் கொடுத்து, முடிந்தால் ஒருமுறை கோடநாட்டுக்கோ பைக்காராவுக்கோ உடன் அழைத்துப்போய், எந்தப் பாறையை எந்த முகட்டோடு பொருத்த வேண்டும் என்று நேரில் காட்டிவிடுங்கள்.